நினிவேயைப் பற்றிப் பேசப்போகிற தம்பி தங்கைகளுக்கு

வாலிபர் கூட்டத்திலோ வேதபாட வகுப்பிலோ ‘தேவனுடைய கோபமும் இரக்கமும்’ என்று ஒரு தலைப்பைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். “ஐயா, ஒரு பக்கம் பட்டணத்தையே அழிக்கிறார், இன்னொரு பக்கம் சத்துருவை நேசி என்கிறார், இதை எப்படிப் பொருத்திப் பேசுவது?” என்று கேட்டுக்கொண்டு பிள்ளைகள் வருகிறார்கள். பொருத்த வேண்டாம் என்பதே என் பதில். பொருத்திக் காட்டுகிற அவசரத்தில்தான் இரண்டில் ஒன்றின் கழுத்தை நெரித்துவிடுகிறோம். ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொண்டு, வேதம் அதைப் பற்றிச் சொல்வதையெல்லாம் கேட்டுப் பாருங்கள். நான் சிபாரிசு செய்யும் ஊர் நினிவே.

1. இரண்டு புத்தகங்களை ஒரே உட்காரலில் வாசியுங்கள்.

யோனா 48 வசனம். நாகூம் 47 வசனம். வாய்விட்டு வாசித்தாலும் அரை மணி நேரத்தில் இரண்டும் முடிந்துவிடும். இரண்டும் நினிவேயைப் பற்றியவை. முதல் புத்தகத்தில் நினிவே தப்புகிறது, தீர்க்கதரிசிக்கு அது பிடிக்கவில்லை. இரண்டாவதில் நினிவே விழுகிறது, தீர்க்கதரிசிக்கு அதில் கொண்டாட்டம். நம் வேதாகமத்தில் இரண்டுக்கும் நடுவில் மீகா மட்டும் இருக்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தின் வரிசையில் அதுவும் இல்லை; யோனாவைப் புரட்டினால் அடுத்த பக்கம் நாகூம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு புத்தகங்களும் கேள்வியில் முடிகின்றன. இத்தனை ஆயிரம் ஜனமும் மிருகஜீவனும் இருக்கிற ஊருக்காக நான் பரிதபிக்கக் கூடாதா என்று யோனாவிடம் தேவன் கேட்கிறார். உன் கொடுமை படாதவன் எவன் இருக்கிறான் என்று நினிவேயைப் பார்த்து நாகூம் கேட்கிறான். இரண்டுக்கும் யாரும் பதில் சொல்வதில்லை. நீங்கள் பேச வேண்டியதெல்லாம் இந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில்தான் கிடக்கிறது.

2. நினிவே செய்ததைத் தெரிந்துகொள்ளாமல் மேடை ஏறாதீர்கள்.

ஓய்வுநாள் பள்ளியில் நமக்குச் சொல்லித்தந்த நினிவே, ஏதோ கொஞ்சம் கெட்டுப்போன ஊர். உண்மையில் அது அசீரியப் பேரரசின் தலைநகரமாக இருந்த ஊர். ஈராக்கின் மோசூல் நகரத்துக்கு எதிரே, டைகிரிஸ் ஆற்றின் கிழக்குக் கரையில், அதன் மேடுகள் இன்றும் இருக்கின்றன. 1840-களில் லேயார்டு என்ற ஆங்கிலேயர் அங்கே தோண்டியபோது சனகெரிப் ராஜாவின் அரண்மனை வெளிப்பட்டது. அதில் ஒரு அறையின் சுவர் முழுக்க ஒரே காட்சி: கி.மு. 701-ல் யூதாவின் லாகீஸ் கோட்டையைப் பிடித்த கதை. அந்தக் கற்பலகைகள் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. படங்கள் எளிதில் கிடைக்கும். பேசுவதற்கு முன் ஒரு தடவையாவது பாருங்கள்.

மதிலை இடிக்கும் எந்திரங்கள் சரிவுப் பாதையில் ஏறுகின்றன. மேலிருந்து தீப்பந்தங்களை வீசுகிறார்கள். மூன்று ஆட்களைக் கழுமரத்தில் ஏற்றி வரிசையாக நட்டிருக்கிறார்கள். சிலரைத் தரையோடு இழுத்துக் கட்டித் தோலை உரிக்கிறார்கள். மூட்டை ஏற்றிய மாட்டு வண்டியின்மேல் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்க, குடும்பங்கள் ஊரை விட்டுப் போகின்றன. கொள்ளைப் பொருள் தன்முன் கொண்டுவரப்படுவதை சனகெரிப் சிங்காசனத்தில் அமர்ந்து பார்க்கிறான். எதிரி எழுதிவைத்த புகார் இல்லை இது. அவர்களே பெருமையாகச் செதுக்கி வைத்துக்கொண்டது.

சமாரியாவை அசீரியா முடித்துவைத்தது கி.மு. 722 வாக்கில். அமித்தாயின் குமாரன் யோனா, இரண்டாம் யெரொபெயாம் காலத்தவன் என்று 2 இராஜாக்கள் 14 சொல்கிறது. அதாவது சமாரியா விழுவதற்கு முந்தைய தலைமுறைகள். அவன் பெயரில் உள்ள புத்தகம் சிறையிருப்புக்குப் பிறகு எழுதப்பட்டது என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். நடந்ததா, உவமையா என்ற வழக்கில் நீங்கள் இறங்க வேண்டாம். ஒரு மணி நேரத்தை அது விழுங்கிவிடும். எப்படி இருந்தாலும், அதை வாசித்த யூதர்களுக்கு நினிவே பின்னால் என்ன செய்தது என்பது தெரியும். இரக்கம் பெற்ற அந்த ஊர்தான் அவர்கள் சகோதரரின் ராஜ்யத்தை இல்லாமல் ஆக்கியது. இதை மனதில் வைத்துக்கொண்டு நாலாம் அதிகாரத்தை வாசித்தால் யோனாவின் கோபம் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியாது.

3. யாத்திராகமம் 34-ஐ மனப்பாடம் செய்யுங்கள், இரண்டு வசனமும் சேர்த்து.

பொன் கன்றுக்குட்டிக்குப் பிறகு, கற்பலகைகள் உடைந்த பிறகு, மூவாயிரம் பேர் வெட்டுண்ட பிறகு, மோசே கன்மலையில் நிற்கிறார். அப்போது கர்த்தர் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்வது 6, 7-ஆம் வசனங்களில் இருக்கிறது. இரக்கம், கிருபை, நீடிய சாந்தம், மன்னிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. அதே மூச்சில், குற்றவாளியைச் சும்மா விடுவதில்லை, பிதாக்களின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறைவரை விசாரிக்கப்படும் என்றும் வருகிறது. கிருபைக்குச் சொன்ன எண் ஆயிரம், விசாரணைக்குச் சொன்னது மூன்றும் நான்கும் என்பதைக் காட்டலாம். ஆனால் அந்த எண்ணைச் சொல்லிவிட்டு மூன்றும் நான்கும் ஒன்றுமே இல்லை என்பதுபோல் தாண்டிவிடாதீர்கள்.

பழைய ஏற்பாடு முழுக்க இந்த வாக்குமூலம் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. எண்ணாகமம் 14-ல் மோசே அதைக் கர்த்தரிடமே திருப்பிச் சொல்லி மன்றாடுகிறார். மன்னிப்பும் கிடைக்கிறது, ஆனாலும் அந்தத் தலைமுறை வனாந்தரத்திலேயே முடிகிறது. 103, 145 சங்கீதங்கள் அதைப் பாடுகின்றன. யோவேல் 2-ல் அது மனந்திரும்ப அழைக்கும் குரல்.

இனி யோனா 4:2-க்கு வாருங்கள். யோனா அதே வாக்குமூலத்தைச் சொல்கிறான், ஆனால் புகாராக. நீர் இப்படிப்பட்டவர் என்று தெரிந்துதான் தர்ஷீசுக்கு ஓடினேன் என்கிறான். குற்றவாளியைச் சும்மா விடாதவர் என்ற பாதி அவன் வாயில் வரவில்லை. நாகூம் 1:3-ல் நீடிய சாந்தம் வருகிறது. உடனே குற்றவாளியை விடமாட்டார் என்ற பாதி வருகிறது. இரக்கமும் கிருபையும் வரவில்லை. ஒருவன் விட்டதை மற்றவன் பிடித்துக்கொண்டான். பாஸ்புக்கில் வரவை மட்டும் ஒருவரும் பற்றை மட்டும் ஒருவரும் வாசித்தால் கணக்கு எப்படி இருக்கும்? வேதத்தைத் தொகுத்தவர்கள் இரண்டு பேரையுமே வைத்துக்கொண்டார்கள். ஒருவரைத் திருத்தி மற்றவரோடு ஒத்துப்போகச் செய்யவும் இல்லை.

4. ‘பழைய ஏற்பாட்டில் கோபக்கார தேவன், புதிய ஏற்பாட்டில் அன்பான தேவன்’ என்று பேசாதீர்கள்.

இது புதுக் கருத்து என்று நினைத்துச் சொல்கிறார்கள். கருங்கடல் ஓரத்து சினோப்பேயிலிருந்து ரோமாபுரிக்கு வந்த கப்பல் முதலாளி மார்சியோன் இதை இரண்டாம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். இஸ்ரவேலின் தேவன் வேறு, இயேசுவின் பிதா வேறு என்றார். பழைய ஏற்பாட்டை மொத்தமாகத் தள்ளினார். லூக்காவைக் கத்தரித்துக்கொண்டார், பவுலின் பத்து நிருபங்களை வைத்துக்கொண்டார். கி.பி. 144-ல் ரோமச் சபை அவரை வெளியேற்றியது. கார்த்தேஜின் தெர்த்துல்லியன் அவரை மறுக்க ஐந்து புத்தகம் எழுத வேண்டியிருந்தது. அவ்வளவு வலுவான சோதனை அது. இன்றும் நம் சபைகளில் பேர் தெரியாமல் உலாவுகிறது.

அப்படிப் பேசுகிறவர்களிடம் மத்தேயு 12:41-ஐக் காட்டுங்கள். நியாயத்தீர்ப்பு நாளில் நினிவே மனிதர் எழுந்து இந்தச் சந்ததியைக் குற்றப்படுத்துவார்கள் என்று இயேசுவே சொல்கிறார். இரக்கம் பெற்ற ஊர் நியாய ஸ்தலத்தில் சாட்சியாக நிற்கிறது! எரிநரகத்தைப் பற்றி வேதத்தில் அதிகம் பேசியதும் அவர்தான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பது எருசலேமுக்குத் தெற்கே உள்ள இன்னோம் பள்ளத்தாக்கு, பிள்ளைகளைத் தீயில் பலியிட்டதற்காக எரேமியா சபித்த இடம். மறுபக்கம், பழைய ஏற்பாட்டிலேயே ஏசாயா 19-ன் கடைசி வசனங்கள் இருக்கின்றன. அங்கே எகிப்தையும் அசீரியாவையும் இஸ்ரவேலோடு ஒரே வரிசையில் நிறுத்தி, அசீரியாவைத் தம் கைகளின் கிரியை என்கிறார் கர்த்தர். லாகீசின் சுவரை நினைத்துக்கொண்டு அதை வாசியுங்கள்.

5. எச்சரிப்பு நடக்காமல் போனதைக் கூச்சமில்லாமல் சொல்லுங்கள்.

நாற்பது நாளில் நினிவே கவிழ்க்கப்படும் என்றான் யோனா. ‘மனந்திரும்பினால் தப்பலாம்’ என்று ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. ராஜா சாம்பலில் உட்கார்ந்தான், ஆடுமாடுகளுக்குக்கூட இரட்டு உடுத்தினார்கள், ஊர் கவிழவில்லை. தீர்க்கதரிசனம் பொய்த்துவிட்டதா என்று கேட்பார்கள். எரேமியா 18-ஐத் திறவுங்கள். குயவன் வீட்டில் கர்த்தர் சொன்ன சட்டம் அங்கே இருக்கிறது: அழிப்பேன் என்று சொல்லப்பட்ட ஜாதி திரும்பினால் தீங்கு நிறுத்தப்படும், கட்டுவேன் என்று சொல்லப்பட்ட ஜாதி கெட்டால் நன்மையும் நிறுத்தப்படும். இந்த இரண்டாம் பாதியை நம் ஆசீர்வாதக் கூட்டங்களில் நான் கேட்டதே இல்லை.

யோனாவுக்கு இந்தச் சட்டம் தெரியும். தன் செய்தி பலிக்காமல் போகும் என்பதே அவன் பயம். சிரியன் மரபுச் சபைகள் இன்றும் நினிவேயின் பெயரால் மூன்று நாள் நோன்பு இருக்கின்றன. கேரளத்தில் அதற்கு மூன்று நோன்பு என்றே பெயர், குறவிலங்காட்டில் யோனாவின் கப்பலை ஊர்வலமாகச் சுமக்கிறார்கள். யூதர்கள் பாவநிவாரண நாளின் பிற்பகலில் யோனாவை முழுக்க வாசிக்கிறார்கள். தங்களை நினிவேயின் இடத்தில் வைத்து வாசிக்கிற ஜனங்கள் இவர்கள். நாமோ பெரும்பாலும் ஊருக்கு வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற யோனாவின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறோம்.

6. நாகூமைக் கேவலமாகப் பேசாதீர்கள்.

அவனுடைய மூன்றாம் அதிகாரம் வாசிக்கக் கஷ்டமானது. சவுக்குச் சத்தம், உருளும் சக்கரங்கள், எண்ணி முடியாத பிணங்கள். மனந்திரும்பச் சொல்லி ஒரு அழைப்புகூட இல்லை. அதை மறைக்க வேண்டாம். ஆனால் கேட்டவர்கள் யார் என்று பாருங்கள்: மாட்டு வண்டியில் மூட்டையோடு போனவர்களின் பேரப்பிள்ளைகள். அவர்களுக்குக் கொடுங்கோலன் கேள்வி கேட்கப்படுவான் என்பதே நற்செய்தி. கி.மு. 612-ல் பாபிலோனியரும் மேதியரும் சேர்ந்து நினிவேயை எரித்தார்கள்.

நிலத்துக்காக நாபோத்தைக் கல்லெறிந்து கொன்ற பிறகு, ‘கர்த்தர் இரக்கமுள்ளவர், மறந்துவிடுவோம்’ என்று நாபோத்தின் வீட்டாரிடம் போய் யாராவது சொன்னால் எப்படி இருக்கும்? ஆகாப்பிடம் எலியா முதலில் கொண்டுபோனது தீர்ப்பைத்தான். ஆகாப் இரட்டு உடுத்தித் தாழ்ந்து நடந்தபோது அவனுக்கும் தவணை கிடைத்தது. வரிசையைக் கவனியுங்கள். உங்கள் சபையில் அடிபட்டவர்களும் இருப்பார்கள், அடித்தவர்களும் அதே பெஞ்சில் இருப்பார்கள். ‘மன்னித்துவிடு’ என்ற பிரசங்கம் அடிபட்டவர் காதில் மட்டும் விழும்படி பேசுவது நம் ஊர்களில் பழகிப்போன அநியாயம். வீட்டுக்குள் அடி வாங்குகிற பெண்ணிடம் இரக்கத்தைப் பற்றிப் பேசுமுன் அவள் புருஷனிடம் நாகூமை வாசித்துக் காட்டுங்கள்.

7. மத்தேயு 18-ன் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

இதற்குக் கரும்பலகை வேண்டும். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். முதல் ஊழியக்காரன் பட்ட கடன் 10,000 தாலந்து, அதாவது 6 கோடி நாள் கூலி. ஒரு நாளும் ஓயாமல் உழைத்தாலும் 1,64,000 வருஷத்துக்கு மேல் ஆகும். அவனுக்கு அடுத்தவன் கொடுக்க வேண்டியது 100 வெள்ளிப்பணம், மூன்று மாதத்துக்குச் சற்று அதிகமான கூலி. அதற்காகத் தொண்டையைப் பிடித்து நெரிக்கிறான். எண்களை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள், பிள்ளைகளே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். அந்த உவமையில் இரக்கமும் நியாயத்தீர்ப்பும் ஒரே ராஜாவிடமிருந்து வருகின்றன. மன்னிக்கப்பட்டவன் மன்னிக்க மறுத்த இடத்தில் தீர்ப்பு இறங்குகிறது. யாக்கோபு 2:13-ம் அதையேதான் சொல்கிறது.

8. ஆபத்து வந்தவர்களைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் கடல் ஏறி வந்தது. மீனவர் குடும்பங்களும் வேண்டுதலுக்கு வந்தவர்களும் போனார்கள். அதற்கப்புறம் ஒரு கூட்டத்தில், இது கடற்கரையின் பாவத்துக்கு வந்த தண்டனை என்று ஒருவர் முழங்கியதை நான் உட்கார்ந்து கேட்டேன். முன் வரிசையில் இருந்தவர்கள் ஆமென் சொன்னார்கள். லூக்கா 13-ஐ அவர் எந்தக் காலத்திலும் வாசித்ததில்லை போலும். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்களே, அவர்கள் எருசலேமில் எல்லாரிலும் பெரிய குற்றவாளிகளா என்று இயேசு கேட்டார், இல்லை என்று அவரே பதிலும் சொன்னார், பிறகு கேட்டவர்கள் பக்கம் விரலைத் திருப்பினார். சமாரியக் கிராமம் இடம் கொடுக்காதபோது வானத்திலிருந்து அக்கினி இறக்கட்டுமா என்று கேட்ட யாக்கோபையும் யோவானையும் அதட்டினார். சாவு வீட்டில் நியாயத்தீர்ப்புப் பிரசங்கம் வேண்டவே வேண்டாம். அழைத்தவர்களே கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

9. கடினமான இடங்களை வழுவழுப்பாக்காதீர்கள்.

மனாசேயை எடுங்கள். குற்றமில்லாத இரத்தத்தால் எருசலேமை நிரப்பினான், அதைக் கர்த்தர் மன்னிக்கச் சித்தமாயில்லை என்கிறது 2 இராஜாக்கள் 24. அதே மனாசே பாபிலோனில் விலங்கோடு ஜெபித்தான், அவன் ஜெபம் கேட்கப்பட்டது என்கிறது 2 நாளாகமம் 33. மனிதனுக்கு மன்னிப்பு, தேசத்துக்கு விளைவு என்று பிரித்துச் சொல்லலாம். நான் அப்படித்தான் சொல்வேன், பாதி தூரம் அது உதவும்.

தாவீது மன்னிக்கப்பட்டான், பிள்ளை செத்தது. இதற்கு நான் விளக்கம் சொல்வதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி உங்கள் வகுப்பில் இருக்கலாம்; உங்கள் விளக்கம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருக்கிறதோ அவ்வளவு அவளைக் காயப்படுத்தும். எரிகோவில் பட்டயத்துக்கு இரையான ஜனங்களைப் பற்றியும் அப்படியே. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகேன் அந்த யுத்தங்களை ஆத்துமாவுக்குள் நடக்கும் யுத்தமாக வாசித்தார். பிரசங்கத்துக்கு அது வசதி, மனசாட்சிக்குப் போதாது. ராகாப் என்ற ஒருத்தி குடும்பத்தோடு தப்பியதும் அங்கேயே எழுதியிருக்கிறது; அவள் பேர் பிறகு இயேசுவின் வம்ச வரலாற்றிலும் வருகிறது. அதைச் சொல்லுங்கள். மற்றபடி, சர்வலோக நியாயாதிபதி நியாயம் செய்ய வேண்டாமா என்று சோதோமுக்காக ஆபிரகாம் வாதாடினாரே, அந்த வாதாட்டத்தை உங்கள் கேட்பவர்களுக்கும் அனுமதியுங்கள். யோபுவுக்கும் அது மறுக்கப்படவில்லை.

10. சிலுவையைத் தப்பித்துக்கொள்ளும் வழியாக்காதீர்கள்.

‘கோபமும் இரக்கமும் சிலுவையில் சந்தித்தன’ என்று முடித்தால் கூட்டம் எழுந்துவிடும். நானும் அதை விசுவாசிக்கிறேன். ஆனால் கோபமாயிருந்த பிதாவை அன்பான குமாரன் சமாதானப்படுத்தினார் என்ற படம் பிள்ளைகள் மனதில் விழுந்துவிட்டால், மார்சியோன் கொல்லைப்புற வழியாக உள்ளே வந்துவிட்டார் என்று அர்த்தம். 2 கொரிந்தியர் 5:19-ல் ஒப்புரவாக்குகிறவர் தேவனே, அதுவும் கிறிஸ்துவுக்குள் இருந்துகொண்டு. ஆணி அறைந்தவர்களுக்காகக் குமாரன் கேட்ட மன்னிப்பு பிதாவின் மனதுக்கு விரோதமான வேண்டுதல் இல்லை.

11. கேள்விக்கு நேரம் விடுங்கள்.

முப்பது நிமிடம் பேசினால் இருபது நிமிடம் கேள்விக்கு. ‘விசுவாசியாமல் செத்துப்போன என் அப்பா எங்கே இருப்பார்?’ என்று யாராவது கேட்பார்கள். எழுந்து நின்று கேட்கமாட்டார்கள், கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது கேட்பார்கள். நரகம் என்றும் சொல்லாதீர்கள், பரலோகம் என்றும் சொல்லாதீர்கள். தீர்ப்பு நம் கையில் இல்லை, லாகீசின் கொலைகாரர்களுடைய ஊருக்குக்கூட நாற்பது நாள் கொடுத்தவர் கையில் இருக்கிறது என்று சொல்லி, அவருடைய அப்பாவைப் பற்றிக் கேளுங்கள்.

மீனைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். அது திமிங்கிலமா, மூன்று நாள் உள்ளே மூச்சுவிட முடியுமா என்று. 48 வசனத்தில் மீன் வருவது மூன்றே வசனத்தில். ஒரு நிமிடத்துக்கு மேல் அதில் நிற்காமல் ஆமணக்குச் செடிக்கு இழுத்துக்கொண்டு வாருங்கள். தான் நடாத செடிக்காக யோனா சாகிற அளவுக்குக் கோபித்தது அங்கேதான்.